நின்றாள்

மாநகராட்சி எங்கள் கூடத்தில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறது. என் மகள் யாழிசையால் எதெல்லாம் முடியாது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று முடிந்துவிட்டால், அதற்குத் தரும் உதவியை மாநகராட்சி நிறுத்திவிடும். போன மாதம் அவள் தானாகவே டம்ளரைத் தூக்கிப் பால் குடித்தபோது, பெருமை தாங்காமல் நானே கேமராவுக்கு முன்னால் கைதட்டித் தொலைத்தேன். மறுநாளே, ஊட்டிவிட வரும் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். வார்டு அலுவலகத்தில் போய்க் கத்தினேன்.

"நீங்களே கைதட்டினீங்களேம்மா" என்றார் அதிகாரி.

இன்று காலை யாழிசை ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுத் தனியாக நின்றாள். ஒன்பது வயதில் முதல் தடவை.

"அம்மா, இங்க பாரேன்!"

கேமரா அவள் பக்கம் திரும்பியது. இனி நிற்க, நடக்கப் பயிற்சி கொடுக்க வருபவரையும் நிறுத்திவிடுவார்கள்.

"உக்காருடி!" என்று அலறினேன்.

பயந்துபோய் உட்கார்ந்தாள். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்து, கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி விழுந்து காட்டினாள்.