இறுகிப்போன தாழ்ப்பாள்

“ஸ்ரீ! தாழ்ப்பாள் இறுகிக்கிச்சு, அசையவே மாட்டேங்குது. யாரையாவது கூப்பிடு!”

பாத்ரூமுக்குள்ளிருந்து கிரிதர் கதவைத் தட்டினான். ஆறடி ஆள் தட்டுகிற தட்டில் கதவே பெயர்ந்து வந்துவிடும் போலிருந்தது. அவன் தோளுக்குக்கூட எட்டாத அவன் மனைவி ஸ்ரீஜா வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாட்டிக்கொண்டது என்னவோ அவன்தான். வேர்த்துக் கொட்டியது இவளுக்கு.

பத்தடி தள்ளி மேடை. சென்னையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு வந்திருந்த பதினாறு பேர் ஜாஸ் பேண்டு, டிரம்பெட்டும் சாக்ஸபோனுமாக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ‘கல்யாண பேண்டு செட்டுதானே’ என்று இளக்காரமாக வந்து உட்கார்ந்தவர்கள்கூட இப்போது காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்ததுதான் கடைசிப் பாட்டு. அதற்குச் சிறப்பு விருந்தாளி, உள்ளூர்ப் பிள்ளை கிரிதர், கிதார்.

கச்சேரியை நடத்தும் ஷாநவாஸ் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“யா அல்லா! மாப்ள, இந்த நேரத்துலயாடா போய் மாட்டுவ? ஆசாரிக்குப் போன் போட்டாச்சு. பழங்காநத்தம் தாண்டிட்டாராம்.” சொல்லிவிட்டு ஸ்ரீஜாவைப் பார்த்தார். “ஏன் தங்கச்சி, நீயும் வாசிப்பேல்ல?”

ஸ்ரீஜா இரண்டடி பின்வாங்கினாள்.

வாசிப்பாள். கிரிதரைவிட நன்றாகவே வாசிப்பாள்; அதை அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிவான். ஆனால் காலேஜில் ஒரு போட்டியில், நடுப்பாட்டில் அவள் விரல்கள் விறைத்து நின்றுவிட்டன. கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. அத்தோடு சரி, மேடைக்கு ஒரு கும்பிடு. இன்றைக்கும் ஆனையூர் வீட்டில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத்தான் கிதாரைத் தொடுவாள்.

“என்னால முடியாதுண்ணே. ஆளுங்களப் பாத்தாலே எனக்குக் கை ஓடாது.”

“அந்தப் பாட்டே கிதாருக்காகத்தான்மா. இம்புட்டு சனமும் அதுக்குத்தான் உக்காந்திருக்கு. இப்ப இல்லைன்னு சொல்ல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடையேறுவேன்?”

உள்ளேயிருந்து தட்டல் நின்றது. “போ ஸ்ரீ. தப்பா விழுந்தா நிறுத்தாத. அதையே இன்னொரு தடவை வாசி. ஜாஸ்ல அது சரியாயிரும்.”

“உனக்கென்ன, உள்ள உக்காந்துக்கிட்டு ஈசியாச் சொல்லுவ!” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடையில் கிரிதரின் பேரைச் சொல்லியேவிட்டார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. பின்னால் திறக்காத கதவு, முன்னால் அரங்கம் நிறைய ஆட்கள். எங்கே ஓடுவாள் பாவம்! ஷாநவாஸ், கிரிதர் வைத்துவிட்டுப் போயிருந்த கிதாரை எடுத்து அவள் கையில் திணித்தார். பட்டையைத் தோளில் மாட்டினாள். கிதார் அவள் இடுப்புக்கு மேலே கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

அப்புறம் விளக்கு வெளிச்சம்தான் தெரிந்தது. பேண்டு முழங்கியது. ஓர் இடத்தில் பதினைந்து பேரும் சொல்லிவைத்தாற்போல் நிறுத்திவிட, டிரம்ஸ் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இனி அவள்தான் வாசிக்க வேண்டும்.

விரல் அசையவில்லை. அதே விறைப்பு. கூட்டத்தில் எவனோ ஒருவன் விசிலடித்தான். போச்சு, மானம் போச்சு என்று நினைத்துக்கொண்டே கம்பியை இழுத்தாள். விழுந்தது ஒரு சுரம், சுத்தத் தப்பாக.

கிதாரைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். ஓட வழியில்லை, பின்னால் டிரம்பெட்டுக்காரர்கள் வரிசையாக மறித்து நின்றார்கள். வருவது வரட்டும் என்று அதே தப்பை இன்னொரு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவையும் வாசித்தாள்.

நரைத்த தாடிக்காரர் ஒருவர் டிரம்பெட்டைத் தூக்கி, அச்சு அசலாக அதையே திருப்பி ஊதினார், ‘ம், சொல்லு’ என்பதுபோல. ஸ்ரீஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று கொடுத்தாள், அவர் ஒன்று திருப்பினார். இரண்டாகக் கொடுத்தாள். அதற்குமேல் கையைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஜன்னல் சாத்திய வீட்டில் இத்தனை வருஷம் வாசித்ததெல்லாம் மடை திறந்ததுபோல் வந்தது. விசிலடித்தவனே எழுந்து நின்று, “ஒன்ஸ்மோர்க்கா!” என்று கத்தினான்.

கைதட்டல் ஓயுமுன்பே திரைக்குப் பின்னால் ஓடினாள். கிரிதர் அங்கே நின்றிருந்தான், கண்ணெல்லாம் சிவந்து. பக்கத்தில் ஆசாரி அழகுமலை, கட்டுப் பிரிக்காத கருவிப் பையோடு.

“கேட்டியா கிரி? தப்பா விழுந்துச்சு, நான் நிறுத்தல!” அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஆசாரி பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். “ரொம்ப நன்றிண்ணே. நல்லவேளை, நீங்க வந்து தொறந்துவிட்டீங்க.”

அழகுமலை தலையைச் சொறிந்தார்.

“நான் எங்க தாயி தொறந்தேன்? கிதாரு சத்தம் கேட்டதும் சாரே தாழ்ப்பாளத் தள்ளிட்டு வெளிய ஓடியாந்துட்டாரு!”