பாத்ரூம் சாவி

"தூ! பாத்ரூம் பூரா எறும்பு. ஒன் மூத்திரத்துல சக்கர கீது, அதான் மொய்க்குது. ஒடம்பு வேற செதில் செதிலா உதிருது. ஊட்டைக் காலி பண்ணு!"

கணுக்கால் புண்ணைச் சொறிந்தபடியே கத்தினாள் வீட்டுக்காரி கெங்கம்மாள். அந்தக் கள்ளிக்குப்பம் வீட்டில் தங்கவேல் ஒருவன்தான் குடித்தனக்காரன்; பாத்ரூம் இருவருக்கும் பொது.

"இது சோரியாசிஸ் அக்கா. யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரு. சக்கரையும் இல்ல, டெஸ்ட் பண்ணிட்டேன்."

"டாக்டரா வந்து கழுவப் போறான்? நெனச்சாலே கொமட்டுது!"

தங்கவேல் காலி செய்தான். கெங்கம்மாள் பினாயில் ஊற்றித் தேய்த்து, பாத்ரூமுக்குப் பூட்டுப் போட்டாள். சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

அடுத்த மாதம் பேபி என்பவள் வீடு பார்க்க வந்தாள்.

"அவ்ளோ சுத்தம். விடிகாலைல கூட கழுவி உட்டேன். ஒரு மாசமா என்னைத் தவிர ஒரு ஆளு உள்ள கால் வெக்கல!" பெருமையோடு பூட்டைத் திறந்தாள் கெங்கம்மாள்.

எட்டிப் பார்த்த பேபி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தரையெல்லாம் எறும்பு மொய்த்துக்கிடந்தது.

அவள் பார்வை கெங்கம்மாளின் காலில் இன்னும் ஆறாத புண்ணுக்கு இறங்கியது.

"நீ மட்டுந்தானாக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் தெருவில் இறங்கினாள் பேபி.