தொண்ணூற்றெட்டு

கொட்டாரத்து வயல்காற்று கம்ப்யூட்டர் கடைக்குள் வந்து காகிதங்களைப் புரட்டுகிறது. கூடப் படித்த ஜின்சியின் பழைய லேப்டாப்பில் அபிலாஷ் லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறான். மதிய வெயிலில், எவ்வளவு ஏறியது என்று காட்டும் நீலக்கோடு திரையில் எறும்பாய் ஊர்கிறது. அதையே பார்த்திருக்கும் அவன் குரலில் ஒரு கிறக்கம். "இனி பிரௌசர் ஃபயர்பாக்ஸ்தான் மக்கா. நீ எங்க போற, என்ன பாக்கன்னு ஒருத்தனும் பின்னால வரமாட்டான். பழைய விண்டோஸை ஒரு பொட்டு மிச்சமில்லாம தொடச்சாச்சு." ஜின்சி சிரிக்கிறாள். கோடு தொண்ணூற்றெட்டு சதவீதத்தைத் தொடுகிறது. "முடிஞ்சதும் அப்பா பாடுன பாட்டைப் போடு, டெஸ்க்டாப்புல கெடக்கும். நாளைக்கு அவரு எறந்த ஆண்டுப் பூசைலா." 'பழசுல எதையாவது எடுத்து வைக்கணுமா' என்று எல்லாரிடமும் முதலில் கேட்பதை, பேச்சு ருசியில் இவளிடம் கேட்காமல் விட்டது அவனுக்கு உறைக்கிறது. கோடு நிறைகிறது. ஒரு காலடித் தடமும் இல்லாத கடற்கரை மணலைப் போல, புதிய திரை அழகாக விரிகிறது.