அறுபத்திரண்டு கிலோமீட்டர்

"ஜிபிஎஸ் பொய் சொல்லாது" என்று கத்தித்தான் மேலாளர் வயிரவன் ஓட்டுநர் துவானை வேலையை விட்டுத் தூக்கினான். ஓட்டுநர்கள் நோட்டில் கிலோமீட்டர் எழுதிய காலம் போய், வேன்களில் கருவி மாட்டி ஒரு வாரமே ஆகியிருந்தது. விடுமுறையான ஞாயிறன்று, துவானின் ஏழாம் எண் வேன் பக்கத்துச் செம்மண் மாகாணமான பின் யுவோங்குக்குப் போய்வந்து அறுபத்திரண்டு கிலோமீட்டர் ஓடியதாக அது காட்டியது. வண்டியைத் தொடவே இல்லை என்று துவான் அழுதான்.

துவான் போன பிறகும், அடுத்த ஞாயிறு அதே அறுபத்திரண்டு. வயிரவன் ஆத்திரத்தில் கருவியைப் பிடுங்கித் தன் மேசை இழுப்பறையில் பூட்டினான். மறுவாரத் திங்கட்கிழமை அறிக்கையிலும் அறுபத்திரண்டு.

"இந்த வாரம் யாரைத் தூக்கப் போறீங்க சார்?" உடன் வேலை பார்க்கும் மாதலேன் நிமிராமல் கேட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்தான். கருவி வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் அப்பியிருந்த செம்மண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை.