மூன்றாவது சுத்தியல்

காந்தம் இன்னும் ஒட்டியது.

பிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்து, கம்பி நுனியில் கட்டிய காந்தம். பழுத்த இரும்பில் அது ஒட்டாமல் போகிற நொடியில்தான் எண்ணெயில் முக்க வேண்டும்.

அவள் இரும்பை மறுபடி கரிக்குள் தள்ளினாள்.

"காத்து."

தங்கை சுடர்மணி ஹேர் டிரையரைக் குழாய் வாயில் பிடித்தாள். அடுப்பாக்கிய லாரி பிரேக் டிரம்முக்குள் சிரட்டைக் கரி சீறிச் சிவந்தது.

"எக்கா, இது என் தலைய காய வைக்க வாங்குனது. தீக்குக் காட்டிக்கிட்டு நிக்கேன். தலை சொட்டுது பாரு."

"ஆட்டாம பிடிட்டீ."

மொட்டை மாடி. பட்டறைக்கல்லுக்குப் பதில் தண்டவாளத் துண்டு. பெயின்ட் டின்னில் வடை சுட்ட எண்ணெய். மாலை வகுப்பில் வெல்டிங் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதெல்லாம் அவளே செய்து பார்த்த தப்புகள்.

முதல் சுத்தியலை ஆறிய பிறகும் அடித்தாள். விரிசல் ஓடி விரிந்தது.

இரண்டாவதைத் தண்ணீரில் முக்கினாள். டிக் என்று ஒரு சத்தம். விரிந்தது.

இது மூன்றாவது. ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் சரிந்த மூக்கு. காம்பைக் கழற்றிவிட்டு, அந்த மூக்கை நான்கு மாலை அடித்து அகட்டி மெலித்திருந்தாள். சின்னக் கோடாலி.

இதுவும் விரிந்தால் அடுப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவதாகத் தங்கையிடம் சொல்லியிருந்தாள். இரண்டு நாள் யோசித்துச் சொன்னது.

காந்தம் ஒட்டவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினாள்.

குப்பென்று தீ எழுந்து அடங்கியது. மாடி முழுக்க உளுந்து வடை வாசம்.

சுடர்மணி டிரையரை நிறுத்தினாள். இருவரும் டின்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

டிக் வரவில்லை.

அக்கா நம்பவில்லை. நூறு வரை எண்ணினாள். எடுத்துத் துடைத்தாள். அரத்தை வைத்து இழுத்தாள். கடிக்காமல் வழுக்கியது; இரும்பு கடினமாகியிருந்தது. உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கம்பியில் தொங்கவிட்டு ஆணியால் தட்டினாள்.

கணீர்.

"எக்கா!"

தங்கை ஈரத் தலையோடு குதித்தாள். அக்காவுக்குச் சிரிக்கப் பயமாக இருந்தது. சிரித்தால் விரிந்துவிடுமோ.

காம்புத் துளையில் அடைத்திருந்த கரியைத் தட்டிவிட்டாள். செதுக்கி வைத்திருந்த வேப்பங்காம்பைச் செருகி இறுக்கினாள். தூக்கிப் பிடித்தாள்.

பார்த்தாள்.

தங்கையும் பார்த்தாள்.

கோடாலியின் வாய் காம்போடு ஒரே வாக்கில் இருக்க வேண்டும். இது குறுக்கே நின்றது, மண்வெட்டி மாதிரி.

நான்கு மாலையும் நிறத்தைப் பார்த்தாள். அடியை எண்ணினாள். துளை எந்தப் பக்கம் என்று மட்டும் பார்க்கவில்லை.

"எக்கா, இது களைக்கொத்துல்லா?"

"கோடாலிட்டீ."

"அப்ப மரத்துகிட்ட சொல்லு. அதுதான் திரும்பி நிக்கணும்."

முதலில் அக்காவின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்த கையிலிருந்த கரி முகமெல்லாம் அப்பியது. அதைப் பார்த்துத் தங்கை இன்னும் சிரித்தாள்.

சுடர்மணி கோடாலியை வாங்கிக்கொண்டு போய்க் கத்தரித் தொட்டியில் ஒரு கொத்து கொத்தினாள். கோரைப்புல் கிழங்கோடு வந்தது.

"நல்லா வெட்டுதுக்கா."

"வெட்டுதா?"

"நீயே வந்து பாரு. விரியவும் இல்ல, கோடாலியும் இல்ல. இப்ப அடுப்ப என்ன செய்யப் போற?"

அக்கா எழுந்தாள்.

தீயை அணைக்க ஒரு வாளித் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுப்பைத் தாண்டிப் போனாள்.

கத்தரிச் செடிக்கு ஊற்றினாள். முழு வாளியையும்.