காலியாகக் கிடந்த ஓரம்

ஒஹையோ நெடுஞ்சாலை ஓரத்தில், பட்டப்பகல் தூறலில், லோரெட்டா ஒரு காரின் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் அவளுடைய மீட்பு லாரி மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி நின்றது. ஓரத்தில் வண்டி நின்றால் கடந்துபோகிறவர்கள் அடுத்த தடத்துக்கு விலகிப் போகவேண்டும் என்பது சட்டம். ஒருத்தனும் விலகவில்லை. லாரிகள் அவள் முதுகை உரசாத குறையாகப் போயின.

"சீக்கிரம் முடிம்மா. சாகறதா இருந்தா நான் கிளம்பினப்புறம் சாவு," என்றார் காருக்குள் இருந்த கிழவர்.

அப்போதுதான் கவனித்தாள். அவளைத் தாண்டி ஐம்பதடி போனதும் எல்லா வண்டிகளும் ஒழுங்காக ஓரத்தை விட்டு இடப்பக்கத் தடத்துக்கு விலகின. அங்கே ஓரம் காலியாகக் கிடந்தது.

ஆத்திரத்தோடு அங்கே நடந்தாள். ஒரு லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"ஏய், அறிவிருக்கா? மனுஷன் மண்டிபோட்டு வேலை செய்யறான், அவன் மேலயே போய் முட்டறியே!"

லோரெட்டா குனிந்து பார்த்தாள். நனைந்த தாரில் ஒரு கார் அளவுக்கு மட்டும் தரை உலர்ந்திருந்தது. அதையொட்டி, முழங்கால் அகலத்தில் இரண்டு உலர்ந்த வட்டங்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வட்டத்தில் தூறல் விழத் தொடங்கியது. பிறகு மற்றதிலும். மண்டியிட்டிருந்தவன் எழுந்துகொண்டிருந்தான்.