நான்கு மணி மரணம்

இன்றைக்கும் செத்துப் போகட்டும்.

நினைத்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. ஆனாலும் நினைப்பை அழிக்கவில்லை.

கடல் தண்ணீரில் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மணி நான்கு. கரையை விட்டு ஆறாவது நாள். முப்பதடிப் பாய்ப்படகில் அவளும் அவள் கணவரும் மட்டும். அந்தமான் போய்ச் சேர இன்னும் நான்கைந்து நாளாகும்.

தினமும் இந்த நேரத்துக்குப் பயிற்சி. ஒரு தேங்காயை ஆரஞ்சுத் துணியில் சுற்றி அவர் கடலில் எறிவார். தேங்காய்தான் அவர். தவறி விழுந்துவிட்டார். அவள் படகைத் திருப்பிக்கொண்டு போய் அவரை எடுக்க வேண்டும்.

பத்து நிமிடம்.

அதுவரை அவர் வாயைத் திறக்க மாட்டார். விழுந்தவன் எப்படி வழி சொல்வான் என்பார். கையில் கடிகாரத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்து நாளும் அவளால் எடுக்க முடியவில்லை.

ஒரு நாள் தப்பான பக்கம் திருப்பினாள். ஒரு நாள் பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து அவள் தோளில் அடித்தது. ஒரு நாள் அலைகளுக்கு நடுவே அந்த ஆரஞ்சையே தவறவிட்டாள். சட்னிக்கு வாங்கிய தேங்காயில் ஐந்து போய்விட்டது.

ஒவ்வொரு முறையும் பயணக் குறிப்பேட்டில் எழுதுவார். எழுதியதை உரக்கப் படிப்பார்.

"கேப்டன் காலமானார். காரணம், சம்சாரம்."

சிரிப்பார். பிறகு டீ கேட்பார்.

காலமானவருக்கு அவள் டீ போட்டுக் கொடுப்பாள்.

இன்று அவர் தேங்காயை எடுக்கவில்லை. கீழே அறைக்குள் இறங்கி, மஞ்சள் பிளாஸ்டிக் டப்பா ஒன்றோடு வந்தார்.

அவள் தன் பைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தது. ஆறு வருடமாக மகள் எழுதிய கடிதங்கள். அவருக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டதால், வீட்டில் பெயரைக்கூடச் சொல்லக் கூடாத மகள். பேத்தியின் ஒரே படமும் அதற்குள்தான்.

"என்னையத்தான் காப்பாத்த வரல. உம் பொண்ணையாவது காப்பாத்து, பாப்போம்."

எறிந்தார்.



அவள் கை தானாகப் போனது. சுக்கானைத் தள்ளினாள். கயிற்றை இழுத்தாள், விட்டாள். கண் மஞ்சளை விட்டு நகரவில்லை. தண்ணீரில் எட்டுப் போட்டதுபோல் படகு வளைந்து வந்தது. முனையைக் காற்றுக்கு நேர் எதிரே திருப்பினாள். பாய் படபடவென்று அடித்துத் தளர்ந்தது.

படகு நின்றது.

குனிந்து எடுத்தாள்.

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

"சபாஷ்!" அவர் கைதட்டினார். "நான் சொன்னேன்ல? பயம் இருந்தாத்தான் கை ஓடும்."

இரண்டாவது தட்டலில் கைகள் பாதியில் நின்றன.

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவளும் தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே தவறவிட்டதில்லை. ஐந்து நாளும் மனதாரத்தான் முயன்றாள். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

கைகள் அவளிடம் சொல்லாமலே ஏதோ முடிவு செய்திருக்கின்றன.

படகைப் பழைய திசைக்குக் கொண்டுவந்தாள். பாய் புடைத்துக்கொண்டது.

அவர் ஒரு தேங்காயை எடுத்துவந்தார். துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். இன்னொரு முடிச்சு. அதற்கு மேல் இன்னொன்று.

"இப்ப நானு."

எறிந்தார்.

கடிகாரத்தைப் பார்க்க மறந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அசையவில்லை.

"திருப்பு."

ஆரஞ்சு ஓர் அலையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"ஏம்மா... திருப்பேன்."

முப்பத்தோரு வருடத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

சுக்கானை நேராக வைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டாள். மடியில் இருந்த டப்பாவின் மூடியைச் சற்றே நீக்கி, விரலை உள்ளே விட்டு, கடிதங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்றுகூட நனையவில்லை.